தமிழில் கொடுத்த உத்தரவு

அன்பு மகளுக்கு,

அடுத்த வியாழக்கிழமை நீ மேயராகப் பொறுப்பேற்கிறாய். அன்று நடக்கவிருக்கும் முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலின் ஒரு பிரதியை, பழைய பழக்கத்தில், சபையிலிருந்து எனக்கும் அனுப்பியிருந்தார்கள். புதிதாகத் திருத்திக் கட்டிய தகனசாலை மண்டபத்துக்கு என் பெயரைச் சூட்டுவது என்பது அதில் ஏழாவது விடயம். உறுப்பினர்கள் எல்லோருக்கும் சம்மதம் என்று கேள்வி. அதை நிரலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒரே வரியில் கேட்டு முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் கேட்டால் அதை என் கூச்சம் என்று நினைப்பாய். உன் அம்மாவும் "அவர் எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவாள். இது கூச்சம் இல்லை. அந்தப் பெயர்ப்பலகைக்கு உரியவர் வேறொருவர். அவரை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

இதன் இன்னொரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். அதற்காக நீ கோபப்படுவாய், தெரியும். உனக்கு மட்டும் எழுதியிருந்தால் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, "பாப்பா, அந்தக் கடிதத்தப் பெரிசா எடுத்துக்காத, கிழிச்சிப் போட்டுரு" என்று சொல்லியிருப்பேன். எழுபத்தைந்து வருடமாக என்னோடு வாழ்ந்ததில் என்னைப் பற்றி இவ்வளவாவது எனக்குத் தெரியும். அச்சில் வந்ததை நான் கிழிக்க முடியாது.

நான் மேயரான கதையை நீ உன் சிநேகிதிகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாய். கடைவீதியில் இருந்த புடவைக் கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டு, தமிழ் வித்தியாலயத்தில் முப்பது வருடம் கணிதம் கற்பித்து, ஓய்வு பெற்று, இனி நூலகத்தில் பத்திரிகை படித்துக் காலம் தள்ளலாம் என்றிருந்தவனை, வேட்பாளர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பிரதி மேயர் பதவியை மற்றவருக்கு விட்டுவிடக்கூடாது என்று இரண்டு அணிகளும் பிடிவாதம் பிடித்தபோது, யாருக்கும் ஆபத்தில்லாத ஆள் என்று என்னைத் தெரிவு செய்தார்கள். பொருத்தமான தகுதிதான். பிறகு நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. அரசியல்வாதி என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் கொதித்த அந்த நாட்களில், மேயர் ஒரு மாலை உறவினர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். ராஜினாமாக் கடிதம் தபாலில் வந்தது. அந்த நாற்காலிக்காக அதுவரை அடித்துக்கொண்டவர்கள் ஒருவரும் அதன் பக்கம் வரவில்லை. பிரதி மேயராக இருந்தவனையே மேயராக்கிவிட்டார்கள். அன்று உன் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஒரு கிளாஸ் மொனிட்டர்கிட்டகூடச் சத்தம் போட்டு அறியாத மனுசன், இனிமே ஊரக் கட்டி மேய்க்கப் போறாராம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேயர் வேலை என்பது அப்போது, காலை ஆறு மணியிலிருந்து வாசலில் நிற்கும் மனிதர்களுக்கு இல்லை என்று சொல்லும் வேலையாக இருந்தது. குப்பை ட்ரக்டருக்கு டீசல் இல்லை. தெருவிளக்குக்கு மின்சாரம் இல்லை, மின்சாரம் இருந்த இடத்தில் குமிழ் இல்லை. ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டிய சுற்றறிக்கைகூட அச்சடிக்கத் தாள் இல்லாமல் வரவில்லை. வந்தவர்களின் பெயர், முகவரி, கேட்டது, நான் சொன்ன பதில் என்று நான்கு நிரல் போட்டு தடித்த அட்டை போட்ட என் சி.ஆர். கொப்பியில் எழுதிவைத்தேன். நாலாவது நிரலைப் பின்பு ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக "பார்க்கிறேன்" என்ற ஒரே சொல். விளையாட்டு மைதானத்தில் எரிவாயு வரிசையில் நின்ற உன் அம்மா வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்து, "மேயர் வீட்டு அக்கா முன்னால போங்கன்னாங்க. வெக்கமா இருந்திச்சு, பின்னாலயே நின்னுட்டேன். என் முறை வரக்குள்ள முடிஞ்சிருச்சு. இனி அந்தக் கொப்பிய வச்சித்தான் அடுப்பு எரிக்கணும்" என்றாள்.

நீ கொழும்பிலிருந்து ரயிலில் வந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கும். உன்னைக் கூட்டிவர ரம்புக்கனை நிலையத்துக்கு நான் பாதித் தூரம் ஒரு லொறியிலும் மீதித் தூரம் நடந்தும் வந்தேன். திரும்பிப் போக இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றோம். நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, சபை ஷெட்டுல ஒரு வாகனம் சும்மாதானே நிக்குது?" என்று கேட்டாய். அது சபையின் வாகனம் என்றேன். "நீங்களும் சபையோட ஆள்தானே. அப்ப உங்களயும் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்துலயே நிப்பாட்டிருவோம்" என்றாய். நிலையத்துக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்படிக் கேலி செய்தாலும் அன்று உனக்கு உன் அப்பாவைப் பற்றிப் பெருமையாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெருமையை இப்போது கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. வாகனத்தைத் தொடாமல் இருக்க எனக்குத் தைரியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, மகளே. தொட்டால்தான் பயம். என் நேர்மையில் ஒரு பெரிய பங்கு பயம்தான். அந்தப் பயமும் நேர்மையும் ஒரே பக்கம் இழுத்தவரையில் நான் நல்ல மனிதனாகவே இருந்தேன். அவை எதிரெதிராக இழுத்த நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அது மழை தொடங்கியிருந்த நேரம். தகனசாலையின் கடைசி எரிவாயுச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் பிரேதங்களை வைக்கும் இரண்டு மலர்ச்சாலைகளிலும் மின்வெட்டால் குளிரூட்டிகள் ஓடவில்லை. சபையின் மயானத்தில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறியது. மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிரேதங்களை வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இறந்துபோன ஒரு சிங்கள ஆசிரியையின் மகன், மூன்றாம் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கோபத்தோடு வந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிகவும் பணிவாக, "மேயர் மாத்தயா, அம்மாவ இன்னும் எத்தனை நாள் வச்சிருக்கச் சொல்றீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் அவர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டேன். பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை, இதைப் பற்றிப் பேச அதிகாரிகளைக் கூப்பிட்டிருந்த கூட்டத்துக்கு முன்னால், வேலாயுதம் என் அறைக்கு வந்தார். உனக்கு அவரைத் தகனசாலையில் வேலை செய்பவர் என்ற அளவில் தெரியும். ஊருக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் பால் வெட்டியவர்கள். இருபது வயதில் சபையில் தொழிலாளியாகச் சேர்ந்து, பிறகு தகனசாலைக்குப் பொறுப்பாக வந்தவர். குடையை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சேர், மேல் டிவிஷன்ல மறுநடுகைக்குப் பழைய றப்பர் மரத்த எல்லாம் சாச்சிப் போட்டிருக்காங்க. வெட்டி ஆறு மாசமாச்சி. நல்லாக் காஞ்சி கெடக்கு. பச்ச மரம்னா பால் இருக்கும், புகையும். இது புகையாது. தோட்டத் தொரகிட்ட நான் கேட்டுட்டேன், தாரேங்கறாரு. தோட்டத்து ட்ரக்டர்லயே கீழ எறக்கிரலாம்."

"இந்த மழையில எப்படி வேலாயுதம்?"

"மீன் சந்த மூடித்தானே சேர் கெடக்கு, மீன் லொறியே வாறதில்லயே. அந்தத் தகரத்தக் கழட்டிக் கொண்டுபோய் தகனசாலைக்குப் பின்னால ஒரு கூரை போட்டுட்டா, உள்ளுக்குள்ள அடுக்கி எரிக்கலாம். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா பின்னேரத்துக்குள்ள டீச்சரம்மாவ அனுப்பி வச்சிருவேன்."

அவர் சொன்னதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் தலைக்குள் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அனுமதி பெற்ற உலைக்கு வெளியே எரிப்பதற்கு விதி இடம் கொடுக்குமா? சபைச் சொத்தான தகரத்தைத் தீர்மானம் இல்லாமல் கழற்றலாமா? ஒரு தமிழ் மேயர், சிங்கள டீச்சரின் உடலை, தமிழ்த் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வெளியில் விறகு அடுக்கி எரித்தான் என்று யாராவது கதை கட்டிவிட்டால் என்ன ஆகும்? யோசிக்கிறேன், கூட்டத்துக்கு வந்து வாசலில் நில்லுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

கூட்டத்தில் ஆணையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொறியியலாளர், நான் என்று நான்கு பேர். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது, எப்போதும் போல. சுற்றறிக்கை இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றார் ஆணையாளர். இன்னும் ஒரு நாள் போனால் ஊருக்கே நோய் வரும் என்றார் பரிசோதகர். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிங்களத்தில், மாகாணத்துக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்போம் என்றேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, தாள்களை அடுக்கியபடி, குரலை மாற்றாமல் தமிழில் சொன்னேன்: "வேலாயுதம், காலையில சொன்னத இன்னைக்கே செஞ்சிருங்க. எழுத்துல எதுவும் எதிர்பார்க்காதீங்க."

"சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். என்ன சொன்னீர்கள் என்று ஆணையாளர் கேட்டார். தேநீர் கொண்டுவரச் சொன்னேன் என்றேன்.

அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தமிழில் சொன்னேன். இந்தச் சபைக்கு உறுப்பினனாக வந்த முதல் நாள் நான் எழுந்து பேசிய ஒரே விடயம், இங்கே தமிழில் ஒரு படிவம்கூட இல்லை என்பதுதான். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று நான்கு கடிதம் எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் கடைசியில் அந்த மேசையில் என் மொழியைப் பயன்படுத்தியது, சாட்சி இல்லாமல் ஓர் உத்தரவு கொடுப்பதற்கு. ஒருவேளை மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் எனக்கு அந்த வழி இருந்திருக்காது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் எழுதிவைத்த நான் அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது மூன்றே சொற்கள்: காலை முதல் மழை.

வேலாயுதம் சொன்னபடியே செய்தார். மேல் டிவிஷனிலிருந்து ட்ரக்டர் வர முடிந்த இடம் வரை வந்தது. அதற்கு இப்பால் சேறு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று மரத்தைக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார்கள். வேலாயுதத்தின் மனைவி பார்வதியும் அந்த வரிசையில் நின்றார். நான்கு மணிக்கு டீச்சரின் சிதை தகரக் கூரைக்குக் கீழே எரிந்தது. பௌத்த பன்சலையிலிருந்து வந்த தலைமைப் பிக்கு, பெரிய ஹாமதுரு, பிரித் ஓதி முடித்த பின், புகை இல்லாமல் எரிகிற விறகைப் பார்த்து, இதை அடுக்கியவருக்கு வேலை தெரியும் என்றார். டீச்சரின் மகன் வேலாயுதத்தின் கரி படிந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நான் குடையோடு பக்கத்தில் நின்றேன். அதற்குச் சற்று முன் யாரோ ஒருவர் எடுத்த படம்தான் நாடெல்லாம் சுற்றியது. படத்தில் குடையும் நானும் நெருப்பும் தெரிகிறோம். வேலாயுதம் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்ததால் அவருடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது.

அன்று நீ தொலைபேசியில், "அப்பா, இங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்க படத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாய். சபையில் எல்லோரும் சேர்ந்து செய்தது என்றேன். அது அடக்கமான பதில் மாதிரி இருந்தது, இல்லையா? ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இனி நீயும் அந்தப் பதிலை அடிக்கடி சொல்ல வேண்டிவரும். சொல்லும்போது யாருடைய பெயரை விழுங்குகிறாய் என்று ஒரு நொடி நின்று பார்.

எரிவாயு வரும்வரை ஆறு வாரம் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டிசம் போனது. மீன் சந்தைத் தகரத்தை வேலாயுதம் விற்றுவிட்டார், அனுமதியில்லாமல் பிரேதம் எரித்தார் என்று பெயர் போடாத ஒரு கடிதம். தகரம் எல்லாம் கரி பிடித்துக் கூரையிலேயே இருந்ததால் விற்றது என்பது நிற்கவில்லை. ஆனால் கழற்றச் சொன்னது யார் என்ற கேள்வி நின்றது. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டபோது நான் சொன்ன பதில் இதுதான்: எழுத்து மூலம் எனக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை, எழுத்து மூலம் நான் எதையும் அனுமதிக்கவும் இல்லை. கணித வாத்தியாரின் வாக்கியம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மொத்தமும் பொய். வேலாயுதத்திடம் கேட்டதற்கு அவர், நான்தான் கழற்றினேன் என்று மட்டும் சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் என் மேசைக்கு வந்தது. இரண்டு நாள் அதை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். நான்கு மாதத்துக்குப் பிறகு, இரக்கத்தின் பேரில் என்று எழுதி, அவரைத் தற்காலிக ஊழியராகத் திரும்ப எடுத்தோம். அதிலும் என் கையெழுத்துத்தான். அது ஒரு உதவி என்றுகூட நினைத்தேன். அதற்கு நடுவில் ஒரு மாலை, ஊர்ச் சங்கத்தார் எனக்கு மாலை போட்டு, ஊரின் மானத்தைக் காத்தவர் என்று பேசினார்கள். நீ லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

இதெல்லாம் போன மாதம் வரை எனக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர்க் கட்டணம் கட்டச் சபைக்குப் போனபோது, அடுத்த கவுண்டரில் வேலாயுதம் ஒரு படிவத்தோடு நிற்பதைப் பார்த்தேன். வருகிற பங்குனியில் அவருக்கு அறுபது வயதாகிறது. லிகிதர் பெண் கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்க சேவை நடுவுல முறிஞ்சிருக்கு. முறிஞ்சதால பழைய வருசத்த எல்லாம் சேர்க்க முடியாது. பென்சன் வராது" என்று சிங்களத்தில் சொன்னாள். அவள்மேல் குற்றம் இல்லை. கோப்பில் இருந்ததைத்தான் சொன்னாள். கோப்பில் அதை வைத்தவன் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வேலாயுதம் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது என்னைப் பார்த்து, "சேர், சொகமா?" என்று கேட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சபை லயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கையில் நான் எழுதிய வாக்குமூலம் இருந்தது, மூன்று பிரதி. அவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தாளை நீட்டி விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் பார்வதி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"ஒங்களுக்கு மாலை போட்ட அன்னைக்கி எங்க வீட்ல அடுப்பு எரியல சேர்" என்றார்.

"நீ சும்மா இரு" என்றார் வேலாயுதம்.

"நா ஏன் சும்மா இருக்கணும்? நாலு மாசம் சும்மாதானே இருந்தோம். மரம் தூக்கினது நானு, மாட்டினது இவரு. சேர் வாத்தியாரு, எல்லாம் படிச்சவரு. ஒரு வாயத் தொறந்து சொல்றதுக்கு இம்புட்டு வருசமா?" சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். பிறகு, "சீனி போட்டா, போடாமலா?" என்று கேட்டார். போடாமல் என்றேன்.

தேநீர் வந்த பிறகு நான் வேலாயுதத்திடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா மேயரும் போவாரு, லேபரும் போவான். நம்ம ஆள்கள்ள ரெண்டு பேர் எதுக்குப் போகணும்? ஒருத்தன் போனா போதும்னு நெனச்சேன். போறது யாருன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே." குரலில் கசப்பு இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். இருந்திருக்க வேண்டும். பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. "பாப்பா அடுத்த மாசம் மேயரா வருது. அதுக்குப் பொறகு நீங்க இதக் குடுத்தா, மக அப்பனுக்காகச் செய்யுதும்பாங்க. எனக்கும் பாப்பா போட்ட பிச்ச மாதிரி ஆயிரும். குடுக்கறதுன்னா அதுக்கு முந்திக் குடுங்க." என்னைவிட அவருக்குச் சபை தெரியும்.

எனவே கோப்பு உன் மேசைக்கு வருவதற்கு முன்பே என் கையெழுத்து அதில் இருக்கும். ஆனாலும் உனக்கு இதில் கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். சேவை முறியவில்லை என்று திருத்துவதற்குச் சபையின் தீர்மானம் வேண்டும். எதிர் அணியினர் அப்பா பொய்யர் என்பார்கள். அதற்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை, உண்மைதான். தமிழ் மேயர் வந்ததும் தமிழ் ஆளுக்குச் செய்கிறாள் என்பார்கள். அதற்குத்தான் பதில் வேண்டும். அந்த விடயம் வரும்போது நீ தலைமை நாற்காலியிலிருந்து எழுந்து பிரதி மேயரிடம் கொடுத்துவிட்டு வெளியே போ. அதுதான் முறை. ஆனால் போவதற்கு முன், நடந்தது என்ன என்பதை எல்லோருக்கும் புரிகிற மொழியில் நீயே ஒரு தடவை சொல். வாக்கு எப்படி விழும் என்று எனக்குத் தெரியாது. டீச்சரின் மகன் இந்தத் தடவை எதிர் அணியில் உறுப்பினராக வந்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்பதில் எனக்கு ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நீ போய் அவரிடம் கேட்காதே.

நீ என்னைவிடத் தைரியசாலி. கேகாலை நீதிமன்றத்தில் நீ வாதாடியதை ஒரு தடவை பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீதவான் குறுக்கே பேசியபோதும் நீ உன் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாய். அதனால் பயப்படாதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறொன்று சொல்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒருநாள் நிச்சயம் உனக்கும் பயம் வரும். பணம் இல்லாத காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இல்லை என்று நீயும் தினமும் சொல்வாய். அப்போது உனக்குக் கீழே இருப்பவர் ஒரு வழி கொண்டுவருவார். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத வழிகள் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள்தான் அந்த இடத்தில் நிற்கிறார்கள். சரி என்று பட்டால் தாளை எடுத்து, இதைச் செய்யச் சொன்னது நான் என்று எழுதி, திகதி போட்டுக் கொடு. அந்தத் தாள் உன்னைக் காப்பாற்றாது. அவரைக் காப்பாற்றும். நான் முப்பது வருடம் எல்லாவற்றையும் எழுதியது என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக என்பது மிகவும் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

நேற்று வேலாயுதமும் நானும் முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனோம், மாகாண அலுவலகத்துக்கு. வழியெல்லாம் அவர் தூங்கினார், நான் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அங்கே இருந்த அதிகாரி ஓர் இளம் பெண். தமிழில் சொல்ல விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றார். சிங்களத்திலேயே சொல்கிறேன் என்றேன். தாளை மேசையில் வைத்துவிட்டு வாயாலேயே சொன்னேன். நான்தான் உத்தரவிட்டேன், வேண்டுமென்றே எழுத்தில் கொடுக்கவில்லை, மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் சொன்னேன், விசாரணையில் மறைத்தேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயந்தேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "பயம்னே எழுதவா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். கோப்பை மறுபடி திறக்கப் போதுமான காரணம் இருக்கிறது, சபைக்கு அனுப்புகிறோம் என்றார். அதைக் கேட்டதும் பல வருடங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

பிறகு அவர் வேலாயுதத்தின் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். பென்சனைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். அந்த நான்கு மாதத்தைப் பற்றியாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைவிட நல்ல சிங்களத்தில் சொன்னார்: "இவர் சொன்னது எல்லாம் சரி, மிஸ். ஒண்ணு மட்டும் விட்டுட்டாரு. அந்த ஆறு வாரமும் நாங்க ஒரு பிரேதத்தையும் அடுத்த நாளைக்குன்னு காக்க வைக்கல. அதயும் எழுதிக்கங்க."

அதிகாரி எழுதினார். அதற்குக் கீழே நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம், முதலில் வேலாயுதம்.

உன்,
அப்பா